ஃப்ரீமன் பள்ளிக்குப் புறப்படும் முன்

அமெரிக்க நடுமேற்கு மாநிலங்களில் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து விடும் பெற்றோருக்கும்,



கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்று உங்கள் வாட்ஸாப் குழுக்களில் பேச்சு தொடங்கியிருக்கும். ஒமாஹா மிருகக்காட்சிசாலை, மவுண்ட் ரஷ்மோர், கொஞ்சம் துணிந்தவர்களுக்கு யெல்லோஸ்டோன் என்று ஆண்டுதோறும் அதே பட்டியல்தான் சுற்றி வரும். அதில் ஒரு செங்கல் கட்டடத்துக்கும் அரை நாள் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

லிங்கன் நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 மைலில் பியாட்ரிஸ் என்றொரு ஊர். அதற்கு மேற்கே நான்கைந்து மைல் தள்ளி ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. அந்தப் பூங்காவின் ஒரு பகுதியாக, நெடுஞ்சாலையை ஒட்டித் தனியே நிற்கிறது ஃப்ரீமன் பள்ளி. மொத்தமே ஓர் அறை. 1872-இல் கட்டினார்கள், 1967 வரை அதில் பாடம் நடந்தது. நெப்ராஸ்காவில் இத்தனை காலம் இடைவிடாமல் இயங்கிய ஓரறைப் பள்ளி இன்னொன்று இல்லை. மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்த அதே அறையில், மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு இரண்டு ஆண்டு முன்புவரை யாரோ ஒரு பிள்ளை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது.

போவதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் காப்பாற்றி வைத்திருக்கும் ஓரறைப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அனுபவம் ஒரே வார்ப்பாக இருக்கிறது. தலையில் துணித்தொப்பி, கையில் சிலேட்டுப் பலகை, மூலையில் மக்குத் தொப்பி மாட்டிய ஒரு பையன், கடைசியாக எல்லோரும் சேர்ந்து ஒரு படம். சுவரில் '1872-ஆம் ஆண்டின் ஆசிரியர் விதிகள்' என்றொரு தாள் தொங்கினாலும் தொங்கும். விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், தினமும் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கூடை நிலக்கரியும் கொண்டுவர வேண்டும், ஆண் ஆசிரியர் வாரத்தில் ஒரு மாலை மட்டும் காதலியைப் பார்க்கப் போகலாம், ஆசிரியை கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்றெல்லாம் அதில் இருக்கும். படித்தவர்கள் சிரிப்பார்கள், கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தாளின் மூலப் பிரதியை இதுவரை யாரும் காட்டியதில்லை. எந்த ஊர், எந்தப் பள்ளி வாரியம் போட்டது என்பதற்குச் சான்று கிடையாது. ஒரு காட்சியகத்திலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தே பரவிய தாள் அது. பிள்ளைகளிடம் அதை வரலாறு என்று கொடுக்காதீர்கள்.

கொடுக்க வேறு விஷயம் நிறைய இருக்கிறது. அந்த ஓர் அறையை யார் காசில் நடத்துவது, அதற்குள் எந்தப் புத்தகத்தைத் திறப்பது, எந்த மொழியில் பேசுவது என்று பெரியவர்கள் நீதிமன்றம்வரை போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள். சிலேட்டுப் பலகையைத் தடவிப் பார்ப்பதை விட அந்தச் சண்டைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் சுவை அதிகம். உங்களுக்கு அதில் நேரடிப் பங்கும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிலம். பூங்காவின் வண்டி நிறுத்துமிடம் சரியாக ஓர் ஏக்கர் பரப்பில் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை அதைச் சுற்றி நடக்கவிடுங்கள். அப்படி 160 மடங்கு நிலத்தை 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது. லிங்கன் கையெழுத்திட்ட சட்டம். ஐந்தாண்டு அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிர் செய்தால் நிலம் சொந்தம். எல்லாக் கட்டணமும் சேர்த்துச் செலவு 18 டாலர். 1863 ஜனவரி 1-ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு தாண்டியதும் ப்ரௌன்வில் நில அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தவர் என்று பெயர் வாங்கியவர் டேனியல் ஃப்ரீமன். பள்ளி நிற்கும் வட்டாரம் அவருடையது. பூங்காவின் பெரும்பகுதி அவருடைய 160 ஏக்கர்தான். சட்டம் முடிவுக்கு வருவதற்குள் ஏறக்குறைய 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர் போய்ச் சேர்ந்தது. நெப்ராஸ்காவின் நிலத்தில் 45 விழுக்காடு இப்படிக் கைமாறியது.

கைமாறியது என்றால் யார் கையிலிருந்து என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். இந்த வட்டாரம் ஓட்டோ–மிசூரியா மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, பிக் ப்ளூ ஆற்றங்கரையில் ஒதுக்கிய துண்டுக்குள் ஒடுங்கினார்கள். பள்ளி தொடங்கிய 1872-இல் அவர்கள் இதே மாவட்டத்தின் தெற்கில்தான் இருந்தார்கள். 1881-இல் அங்கிருந்தும் கிளப்பப்பட்டு ஓக்லஹோமாவுக்குப் போனார்கள்.

இலவச நிலம் எல்லோருக்குமா என்றால், பெண்களுக்கு உண்டு. மணமாகாத பெண்ணும் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு உண்டு. 1877-இல் கென்டக்கியிலிருந்து வந்தவர்கள் கான்சஸில் நிக்கொடமஸ் என்ற ஊரையே எழுப்பினார்கள். குடியுரிமை பெறும் எண்ணத்தோடு வந்த ஜெர்மானியர், செக் மக்கள், ஸ்வீடன்காரர்களுக்கு உண்டு. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று சட்டம் ஒதுக்கிய ஆசியர்களுக்குக் கிடையாது. 1923 பிப்ரவரியில் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. 1946-இல் சட்டம் மாறும்வரை அதுவே நிலை. இன்று உங்கள் பிள்ளைகள் அந்த வாசலில் நிற்பதற்கு முன் இவ்வளவு நடந்திருக்கிறது. அந்த 1923-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் நிலத்தோடு சேர்ந்த கதைதான். 1785-இல், அரசியல் சாசனம் எழுதுவதற்கு முன்பே, அமெரிக்கர்கள் மேற்கு நிலத்தை அளக்க ஒரு கணக்குப் போட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம்; அதற்குள் ஒவ்வொரு மைலாக 36 கட்டம்; அதில் 16-ஆம் கட்டம் பள்ளிக்கு. நம் ஊரில் கோயிலுக்கு மானியம் எழுதிவைத்ததைப் போல, ஊர் உருவாவதற்கு முன்னாலேயே பள்ளிக்கு எழுதிவைத்துவிட்டார்கள். 1867-இல் மாநிலமான நெப்ராஸ்காவுக்கு 36-ஆம் கட்டமும் சேர்த்துக் கிடைத்தது. பல மாநிலங்கள் அந்த நிலத்தை விற்றுத் தீர்த்துவிட்டன. நெப்ராஸ்கா இன்றும் 12 லட்சம் ஏக்கருக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு குத்தகைக்கு விட்டு, வரும் பணத்தைப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஆனாலும் மானியம் மட்டும் போதவில்லை. சுவர், கூரை, அடுப்பு, ஆசிரியை சம்பளம் எல்லாம் அந்தந்தப் பள்ளி வட்டாரத்து உழவர்களின் வரியில்தான். மூன்று பேர் கொண்ட ஒரு சின்ன வாரியம் அதைத் தீர்மானிக்கும். அந்த மூவரும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். ஆகவே சண்டையும் பக்கத்து வீட்டுச் சண்டை.

ஃப்ரீமன் பள்ளி செங்கலில் அமைந்தது ஒரு வசதி. மரமே இல்லாத புல்வெளியில் பல ஊர்க்காரர்கள் வேரோடு வெட்டிய புல்மண் கட்டிகளை அடுக்கித்தான் பள்ளி கட்டினார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். மழை நின்ற பிறகும் ஒழுகும். விறகுக்கும் வழியில்லாத இடங்களில் மக்காச்சோளச் சக்கையையும் முறுக்கிய வைக்கோலையும் காய்ந்த காட்டெருமைச் சாணத்தையும் எரித்தார்கள். அறைக்கு நடுவே அடுப்பு. பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வேர்க்கும், சன்னலோரத்தில் இருந்தவனுக்கு மைக்கூட்டில் மை உறையும். ஒரு வாளித் தண்ணீர், எல்லோருக்கும் ஒரே அகப்பை. ஒருவனுக்குச் சளி வந்தால் வாரத்துக்குள் பள்ளிக்கே சளி.

ஆசிரியை பெரும்பாலும் இருபதைத் தொடாத பெண். எட்டாம் வகுப்பு முடித்து, மாவட்டக் கண்காணிப்பாளர் வைக்கும் தேர்வில் தேறினால் போதும், அடுத்த மாதமே மேசைக்கு அந்தப் பக்கம் போய்விடலாம். சில வட்டாரங்களில் அவருக்கென்று வீடு இருக்காது. மாணவர்களின் வீடுகளில் மாற்றி மாற்றித் தங்குவார். பகலில் கண்டித்த பையனின் அம்மா கையால்தான் ராத்திரிச் சாப்பாடு. ஆண் ஆசிரியரை விடச் சம்பளம் குறைவு. வாரியங்கள் பெண்களை விரும்பி எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். குளிர்காலத்தில், பண்ணையில் வேலையில்லாதபோது, ஆசிரியையை விட உயரமான பையன்கள் வந்து பின்வரிசையில் உட்காருவார்கள்.

ஒரே நேரத்தில் எட்டு வகுப்பை எப்படிச் சமாளித்தார்கள்? உங்களுக்கு இது நன்றாகப் புரியும். அகரம் எழுதத் தெரியாத ஐந்து வயதும் ஆத்திசூடி ஒப்பிக்கும் பத்து வயதும் ஒரே அறையில் இருக்கும் வகுப்பை நீங்களும் நடத்துகிறீர்கள். முன்னால் ஒரு நீள பெஞ்சு. ஒரு வகுப்பு அதில் வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் ஒப்பிக்கும். மற்றவர்கள் அவரவர் இடத்தில் கணக்குப் போட வேண்டும். காது சும்மா இருக்குமா? இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் பாடத்தை ஒட்டுக்கேட்டே பாதி கற்றுவிடும். பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். 1790-களில் சென்னை எழும்பூர் அனாதைக் காப்பகத்தில் ஆண்ட்ரூ பெல் இதையே ஒரு முறையாக வகுத்து, 'சென்னை முறை' என்று இங்கிலாந்தில் பெயர் வாங்கினார். நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துப் பிறந்த யோசனை. அதன் பங்காளியான லங்காஸ்டர் முறை அமெரிக்க நகரப் பள்ளிகளுக்கும் வந்தது. நெப்ராஸ்காப் புல்வெளியில் நடந்ததற்கு அந்த வம்சாவளியைச் சொந்தம் கொண்டாட வேண்டாம். ஆள் பற்றாக்குறை எந்த ஊரிலும் இதைத் தானாகவே கற்றுக்கொடுத்துவிடும்.

அந்த இளம்பெண்கள் தலையில் எவ்வளவு பாரம் இருந்தது என்பதற்கு 1888 ஜனவரி 12 ஒன்று போதும். காலையில் வழக்கத்துக்கு மாறான இதமான வெயில். பிள்ளைகள் மேலங்கிகூட இல்லாமல் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். பிற்பகலில் வடமேற்கிலிருந்து பனிப்புயல் சுவர் எழுந்து வந்ததுபோல் இறங்கியது. கையை நீட்டினால் கை தெரியாது. நெப்ராஸ்காவின் வேலி மாவட்டத்தில் மினி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை (பள்ளியின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் வேறு வட்டாரம்) தன் புல்மண் பள்ளியின் கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டு போனதும் பிள்ளைகள் அத்தனை பேரையும் பக்கத்துப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாடு முழுக்கப் புகழ். அவர் மீது பாட்டே அச்சாகி விற்றது. ப்ளெய்ன்வியூ அருகே லோயிஸ் ராய்ஸ் என்ற ஆசிரியையும் அதையேதான் செய்யப் பார்த்தார். பக்கத்திலேயே இருந்த வீட்டுக்கு மூன்று பிள்ளைகளோடு கிளம்பி வழி தவறினார். மூவரும் அவர் அருகிலேயே உறைந்து இறந்தார்கள். அவர் பாதங்களை இழந்து பிழைத்தார். அன்று இறந்தவர்கள் ஏறக்குறைய 235 பேர் என்று கணக்கு. மினி ஃப்ரீமன் கதையை மட்டும் சொல்லிவிட்டு ராய்ஸ் கதையை விட்டுவிடும் புத்தகங்கள் உண்டு. இரண்டு பேரும் எடுத்த முடிவு ஒன்றே. பெரிய பிள்ளைகளுக்காவது இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி ஃப்ரீமன் பள்ளியின் சொந்தச் சண்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பாடம் எடுத்தவர் ஈடித் பீச்சர். வகுப்பில் பைபிள் வாசிப்பார், ஜெபம் செய்வார், பிள்ளைகளோடு துதிப்பாடல்கள் பாடுவார். அந்தக் காலத்து அமெரிக்கப் பள்ளிகளில் இது அதிசயமே இல்லை. ஆனால் டேனியல் ஃப்ரீமன், அதே முதல் குடியேறி, அப்போது எழுபதைத் தாண்டியவர், கூடாது என்றார். மக்கள் வரியில் நடக்கும் பள்ளியில் ஒரு மதத்தின் வழிபாடு எதற்கு என்பது அவர் கேள்வி. பள்ளி வாரியத்திடம் போனார்; வாரியம் ஆசிரியை பக்கம் நின்றது. கீழ் நீதிமன்றத்துக்குப் போனார், தோற்றார். விடவில்லை. நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் 1902-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: மாநில அரசியல் சாசனம் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வழிபாட்டில் உட்கார வைக்க இடம் தரவில்லை, வகுப்பறையில் நடந்தது வழிபாடுதான்.

தீர்ப்பு வந்ததும் பைபிளையே பள்ளியிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது. மறு ஆண்டு நீதிமன்றமே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பைபிளை இலக்கியமாகவோ வரலாறாகவோ படிப்பதற்குத் தடையில்லை. அதை வைத்து ஒரு பிரிவின் சமயபோதனை நடத்துவதுதான் குற்றம். எது எது என்பதை வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும். நாடு முழுவதற்குமான அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளியில் பைபிள் வாசிப்புச் சடங்கை விலக்கியது 1963-இல். ஒரு மக்காச்சோள வயலோரத்து ஓரறைப் பள்ளி அதை 61 ஆண்டு முந்திக்கொண்டது. ஹோம்ஸ்டெட் சட்டத்தின் முதல் பயனாளி என்றே ஃப்ரீமனை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். இலவச நிலம் வாங்க முதல் ஆளாக நின்றதில் சாமர்த்தியம் இருக்கிறது. எழுபதைத் தாண்டிய வயதில் ஊரைப் பகைத்துக்கொண்டு வழக்காடியதுதான் இந்தக் கடிதக்காரரின் கணக்கில் பெரிய காரியம். வழக்கு முடிந்து ஆறு ஆண்டில், 1908-இல், அவர் இறந்தார்.

இப்போது உங்கள் பங்கு. முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரியானதும் நெப்ராஸ்காவில் ஜெர்மன் பேசியவர்கள் மீது ஊர் பாய்ந்தது. இத்தனைக்கும் அவர்கள் அங்கே நிலத்தை உழுது இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. 1919-இல் மாநிலம் சைமன் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது: அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும், எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கக் கூடாது. ஹாம்ப்டன் என்ற ஊரில் லூத்தரன் தேவாலயம் நடத்திய சின்னப் பள்ளியில் ராபர்ட் மேயர் ஆசிரியர். 1920 மே மாதம் ஒரு நாள், இடைவேளை நேரத்தில், பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மன் மொழியில் பைபிள் கதை வாசிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அரசு வழக்கறிஞர் உள்ளே வந்தார். ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மேயர் தெரிந்தே ஜெர்மனில் தொடர்ந்தார். 25 டாலர் அபராதம்.

மாநில உச்ச நீதிமன்றம் அபராதம் சரி என்றது. லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு போன்ற வழக்கொழிந்த மொழிகளைக் கற்பிக்கலாம், சட்டம் தடுப்பது வாழும் மொழிகளைத்தான் என்றும் விளக்கியது. வீட்டில் யாரும் பேசாத மொழி என்றால் ஆபத்தில்லையாம். செம்மொழியாகவும் இருந்துகொண்டு, உப்புமா கிண்டும்போதும் பேசப்படும் தமிழை அந்த நீதிபதிகள் எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்களோ!

வழக்கு வாஷிங்டனுக்குப் போனது. 1923 ஜூன் 4-ஆம் தேதி ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. தன் பிள்ளைக்கு இன்ன மொழி கற்பிக்கச் சொல்லும் உரிமை பெற்றோருக்கும், கற்பித்துப் பிழைக்கும் உரிமை ஆசிரியருக்கும் உண்டு என்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் இந்தியர்களுக்குக் குடியுரிமை இல்லை என்ற அதே நீதிமன்றம். திந்த் தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாண்ட், மேயர் வழக்கில் மாறுபட்ட இருவரில் ஒருவர் என்பதையும் சொல்லி வைக்கலாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு 1919 சட்டத்தில் சிக்கியிருக்குமா என்பது வக்கீல்கள் வாதாட வேண்டியது. ஆனால் அந்த வகுப்பை நடத்த யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருப்பதில் அந்த 25 டாலர் அபராதத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஹாம்ப்டன் லிங்கனுக்கு மேற்கே, 80-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து எட்டும் தூரம்தான்.

மொழி என்று வந்துவிட்டால் ஜெனோவாவையும் சொல்லாமல் விட முடியாது. லிங்கனுக்கு வடமேற்கே, பானி மக்களின் பழைய ஒதுக்கீட்டு நிலத்தில், 1884 முதல் 1934 வரை அரசு நடத்திய பழங்குடிப் பிள்ளைகளின் உண்டு உறைவிடப் பள்ளி அங்கே இருந்தது. 40-க்கும் மேற்பட்ட இனங்களின் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, சீருடை மாட்டி, தாய்மொழியைப் பேசவிடாமல் வளர்த்தார்கள். மேயர் வழக்கின் தீர்ப்பு வந்த பிறகும் பதினோரு ஆண்டு அது நடந்தது. பெற்றோரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்தப் பெற்றோர்களின் காதுக்கு எட்டும் இடத்தில் இல்லை. அங்கே இறந்த பிள்ளைகளில் 80-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில்தான் ஆவணங்களிலிருந்து திரட்டினார்கள். எஞ்சிய ஒரு கட்டடம் காட்சியகமாக இருக்கிறது. ஃப்ரீமன் பள்ளியும் அதுவும் ஒரே காலத்தவை, ஒரே மாநிலத்தவை. சின்னப் பிள்ளைகளுக்கு அது கனமான இடம். பதின்வயதினரை மட்டும் கூட்டிப்போவது நல்லது.

இந்த ஓரறைப் பள்ளிகள் ஏன் மூடப்பட்டன என்பதில் பெரிய மர்மம் இல்லை. சாலை வந்தது, பேருந்து வந்தது, டிராக்டர் வந்து பண்ணைகள் பெருத்துக் குடும்பங்கள் குறைந்தன. 1930-இல் நாடு முழுக்க ஏறக்குறைய 1,49,000 ஓராசிரியர் பள்ளிகள். 1960-இல் 20,000 சொச்சம். கான்சஸ் புல்வெளிக் காப்பகத்தில் 1882-இல் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய லோயர் ஃபாக்ஸ் க்ரீக் பள்ளி 1930-லேயே பூட்டப்பட்டுவிட்டது. குன்றின்மேல் தனியாக நிற்கும் அதைப் பார்க்கவும் ஒரு பயணம் போகலாம், படம் எடுக்க அதுதான் அழகு. டெக்சாஸில் லிண்டன் ஜான்சன் நான்கு வயதில் போய் உட்கார்ந்த ஓரறைப் பள்ளியின் முன்னால், தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 1965-இல் குடியரசுத் தலைவராக அவர் நாட்டின் பெரிய கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நெப்ராஸ்காவில் தொடக்க வகுப்புகளை மட்டும் நடத்திய சின்னஞ்சிறு பள்ளி வட்டாரங்கள் 2006 வரை தாக்குப்பிடித்தன. சட்டமன்றம் அவற்றைக் கலைத்தது. அந்த ஆண்டு இறுதியில் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை நிராகரித்தார்கள். அதற்குள் வட்டாரங்கள் கலைந்தே போயிருந்தன.

காப்பாற்றி வைப்பதிலும் ஒரு குறை சொல்ல வேண்டும். ஃப்ரீமன் பள்ளியின் உள்ளே நீங்கள் பார்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோற்றம். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இனிக் குடியேற்ற எல்லை என்று ஒன்று கிடையாது என்று அறிவித்துவிட்டது. அதற்குப் பின்னும் 77 ஆண்டு அங்கே பாடம் நடந்தது. போர்க்காலத்துப் பிள்ளைகள், வானொலி கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கென்னடி சுடப்பட்ட சேதி வந்த நாளில் அங்கே பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் அந்த அறையிலிருந்து துடைக்கப்பட்டுவிட்டார்கள். கடைசி ஆண்டில் முதல் வகுப்பு படித்தவருக்கு இன்று அறுபது வயது தாண்டியிருக்கும். பியாட்ரிஸில் காபி குடிக்க நிறுத்தினால், பக்கத்து மேசையில் இருப்பவரிடம் பேச்சுக்கொடுத்துப் பாருங்கள்.

சில நடைமுறைச் சேதிகள். பள்ளிக் கட்டடம் எல்லா நாளும் திறந்திருக்காது. பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, குழுவாக வருவதாகச் சொல்லுங்கள். முதலில் கலப்பை வடிவக் கூரை போட்ட அருங்காட்சியகத்தைப் பாருங்கள். நிலக்கணக்கு அங்கே புரியும். அதற்குப் பிறகு புல்வெளிப் பாதையில் நடந்துவிட்டுப் பள்ளிக்கு வாருங்கள். நிழல் குறைவு, தண்ணீர் அவசியம்.

உள்ளே போனதும் படம் எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். பெரிய பிள்ளைகளில் இருவர் டேனியல் ஃப்ரீமன் பக்கம், இருவர் ஈடித் பீச்சர் பக்கம். மூன்று பெற்றோர் பள்ளி வாரியம். தமிழிலேயே வாதாடட்டும். ஆசிரியை பக்கம் பேசுவோருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். பள்ளி வாரியம் அவரைத் தடுக்கவில்லை, பல பள்ளிகளிலும் நடந்ததைத்தான் அவர் நடத்தினார். உங்கள் வகுப்பு கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிறதென்றால், அதையும் யாராவது ஒரு பிள்ளை இழுத்துப் போடும். இழுக்கட்டும். தீர்ப்பை அந்த மூன்று பெற்றோர் எழுதித் தரட்டும், காரணத்தோடு.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்